ஒரு வளவில் மூன்று ஏணை

மட்டக்களப்பு வாவியின் கரையோர ஊர்களில் பல வீட்டுக் கைக்குழந்தைகளை ஒரே பெண் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு, வீடுகள் அமைந்திருக்கும் விதத்திலிருந்தே பிறக்கிறது. இங்கே பெண்ணுக்குச் சீதனம் என்றால் முதலில் வீடு. கலியாணம் முடித்த பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். மூத்த மகளுக்குத் தாய் இருந்த வீடு போகும். தாயும் தகப்பனும் அதே வளவில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு இளைய பெண்களோடு அங்கே குடியேறுவார்கள். அடுத்தவள் முடித்ததும் அந்த வீடும் அவளுக்கு. மூன்று பெண் பெற்ற தாய்க்குக் கடைசியில் ஒரு வேலி, ஒரு கிணறு, மூன்று வீடு, மூன்று குசினி என்று ஆகிவிடும். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில், கிழக்குக் கரைத் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் இந்த முறை இருப்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

தாய்வழி உரிமை ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. முக்குவச் சட்டம் எனப்பட்ட அதைப் பற்றி சி. பிரிட்டோ 1876இல் ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றத்தில் அச்சட்டத்தின் இடம் போய்விட்டது. வீடு மகளுக்கு என்ற வழக்கம் போகவில்லை.

இதனால் குழந்தை வளர்ப்புக்குக் கிடைக்கும் வசதி பெரிது. தாயின் அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா. அவர்களின் பிள்ளைகள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி. மாமன் மகனும் மாமி மகனும்தான் மச்சான். அவர்கள் வேறு வளவில் வளர்வார்கள். ஆகவே ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து ஏணையில் கிடக்கும் குழந்தைகள் எல்லாரும் முறைப்படி உடன்பிறப்புகள். எல்லாரும் தாயின் குடி, அதாவது தாய்வழிக் குலம். ஒரு பிள்ளை அழுதால் எந்த வீட்டுப் பெண் தூக்கினாலும் அவளுடைய பெயரில் 'அம்மா' என்ற சொல் இருக்கும். தாய் ஒருத்தியே பிள்ளையை வளர்த்தாள் என்பது மனித குலத்தின் பழைய நிலை அல்ல, பாட்டியும் சிற்றன்னையும் அயலாரும் சேர்ந்தே வளர்த்தார்கள் என்று மானிடவியலாளர் சாரா ஹர்டி 2009இல் ஒரு முழு நூலில் வாதிட்டார். வாவிக்கரையில் அதை யாருக்கும் வாதிட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இங்கே விவரிக்கப்படும் வளவு ஆரையம்பதியில், காத்தான்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் இருந்தது. அங்கே 1982க்கும் 1990க்கும் இடையில் வளர்ந்த ஐந்து பிள்ளைகளுள் இதை எழுதுபவர் இரண்டாமவர், நடு வீட்டுப் பிள்ளை. மூத்த வீடு பழையது. நடு வீடு 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரை போய், மறுபடி ஓடு போட்டது. மூன்றாவது வீட்டுக்குச் சூறாவளியின்போது அத்திவாரம் மட்டுமே இருந்தது.

மூன்று சகோதரிகளும் ஆசிரியைகள். இது அந்தத் தலைமுறையின் அடையாளம். 1945இல் வந்த இலவசக் கல்வியும், நகரத்து வின்சன்ட், சிசிலியா போன்ற பெண்கள் பாடசாலைகளும், ஊர் மகா வித்தியாலயங்களும் கரையோரத்துப் பெண்களை ரீச்சர்மாராக்கின. பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கும். முந்திய தலைமுறையில் தாய் வேளாண்மைக்கோ சந்தைக்கோ போனால் அம்மம்மா பிள்ளையைப் பார்ப்பார். இந்த வளவின் அம்மம்மாவும் முதல் பேரப்பிள்ளையைத் தூக்கினார். நீரிழிவினால் காலில் வந்த புண் ஆறாமல், இரண்டாவது பிள்ளை பிறக்கும்போது அவரால் கட்டிலிலிருந்து எழும்புவதே கடினமாயிற்று. அம்மம்மா செய்ய வேண்டியதைச் செய்ய வெளியாள் ஒருவர் தேவைப்பட்டார்.

'ஆயா' என்று அந்த வளவில் யாரும் சொன்னதில்லை. 'பிள்ளை பார்க்க ஒரு ஆள்' என்றுதான் தேடினார்கள். வந்தவர் படுவான்கரைப் பெண். வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஊர். சூரியன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, சூரியன் படும் வயல் பக்கம் படுவான்கரை. நடுவில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி. அக்காலத்தில் மண்முனைத் துறையில் பாலம் இல்லை. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்த மிதவைக்கு ஊரில் பெயர் 'பாதை'. அவர் காலைப் பாதையில் வந்து, துறையிலிருந்து நடந்து, ஏழு மணிக்கு முன் படலையைத் திறப்பார்.

சகோதரிகளைவிட அவருக்கு வயது கூட. ஆகவே அவர்கள் அவரை அக்கா என்றார்கள். அம்மா அக்கா என்று கூப்பிடுபவர் பிள்ளைக்குப் பெரியம்மா. மூத்த வீட்டில் ஏற்கனவே ஒரு பெரியம்மா இருந்ததால், பாதையில் வருபவர் 'பாதைப் பெரியம்மா' ஆனார். பிள்ளைகளுக்கு இந்தப் பெயரில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. அவருடைய மகனும் மகளும் தைப்பொங்கலுக்கு வளவுக்கு வந்தபோது அண்ணன், அக்கா என்றே அழைக்கப்பட்டார்கள். குடி எது என்று கேட்டு முறை பார்க்கும் ஊரில், குடி கேட்காமலே ஒட்டிக்கொண்ட முறை அது.

வேலை நடந்த விதம் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது. அந்த ஒழுங்கு முழுக்க அவருடையது. பிள்ளைகளை மூன்று வீட்டிலும் தனித்தனியே பார்க்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நடு வீட்டு விறாந்தைதான் இடம். அங்கிருந்து கிணறும் படலையும் இரண்டு பக்கத்து வீட்டு வாசலும் தெரியும். விறாந்தை வளையில் பழைய சேலைகளால் ஏணை கட்டினார். எட்டு ஆண்டுகளில் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். ஏணை ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் தொங்கியதில்லை. ஏணைகளின் அடியில் ஒரு கயிறு கோத்து, அதன் நுனியைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு மரக்கறி வெட்டுவார். கால் ஆடும், மூன்றும் ஆடும். ஓராட்டு ஒன்று, கேட்பவர் மூவர்.

குளிப்பாட்டுவது ஒன்பது மணிக்குப் பிறகு, மணல் சூடேறிய பிறகு. கால்களை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தி, நல்லெண்ணெய் தேய்த்து, சுடுதண்ணி வார்ப்பார். பிறகு சாம்பிராணிப் புகை. வசம்பைச் சுட்டு உரைத்து ஒரு பொட்டு. அதை வசம்பு என்று சொல்லமாட்டார், 'பிள்ளை வளர்ப்பான்' என்பார். மூன்று பிள்ளைக்கும் தனித்தனிச் சட்டி, தனித்தனித் துவாய். துணிகளின் ஓரத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள் நூல் தைத்திருந்தது. வயிற்றோட்டம் ஒரு பிள்ளைக்கு வந்தால் மற்ற இரண்டுக்கும் வரும் என்பதை முதல் மாரியிலேயே கண்டுவிட்டு அவர் செய்த ஏற்பாடு இது. பலரின் பிள்ளைகளை ஒருவர் பார்க்கும் இடத்தில் உள்ள உண்மையான ஆபத்து இந்தத் தொற்றுத்தான், மற்றவை சமாளிக்கக்கூடியவை. நோய் கண்ட பிள்ளையின் ஏணை அன்றே கழற்றி அம்மம்மாவின் அறைக்குப் போகும். ஜீவனி என்ற நீரேற்றக் கரைசல் கரண்டி கரண்டியாக இறங்கும்.

தீன் கொடுக்கும் வரிசை வயதால். அழுகிற பிள்ளைக்கு முதல் இல்லை, சின்னப் பிள்ளைக்கு முதல். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று தனக்குக் கடைசியில்தான் கிடைக்கிறது என்று முறையிட்டபோது அவர் சொன்ன பதில் வளவில் நெடுநாள் வழங்கியது: "நீ வாய் திறந்து கேப்பாய் மனே. இதுக்கு வாய் அழத்தான் இருக்கு."

குடும்பநல மாதுவுக்கு இந்த வளவு வேலையைச் சுருக்கியது. இலங்கையில் 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தில் ஊர் மிட்வைப்மார் வீடு வீடாகப் போனார்கள். இங்கே ஒரு விறாந்தையில் மூன்று பிள்ளையின் நிறையும் பார்த்து, மூன்று அட்டையிலும் புள்ளி போட்டு, திரிபோஷாச் சத்துமாப் பைக்கற்றுகளையும் கொடுத்துவிட்டுப் போவார். அட்டைகளை வாசிக்கத் தெரியாவிட்டாலும், கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பாதைப் பெரியம்மா பார்த்துக்கொள்வார். மூன்றாவது வீட்டுப் பிள்ளையின் கோடு சரியத் தொடங்கியதை முதலில் கண்டவர் அவர்தான்.

பால் விஷயம் தனியே சொல்லத் தக்கது. நடு வீட்டுத் தாய் படிப்பித்த பாடசாலை உள்ளூரிலேயே இருந்தது. இடைவேளைக்கு ஓடி வந்து தன் பிள்ளைக்குப் பால் கொடுப்பார். மார்பில் மிச்சம் இருந்தால், களுவாஞ்சிகுடிக்கு பஸ்ஸில் போகும் தங்கையின் பிள்ளைக்கும் கொடுப்பார். இதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. சின்னம்மா, பெரியம்மா என்ற சொற்களே அந்த அனுமதி. பால் ஊறட்டும் என்று பால் சுறாவும் உள்ளியும் சேர்த்துச் சமைத்தால் ஒரு சட்டி கூடவே சமைப்பார்கள். ஆனால் 1984இல் காத்தான்குடியிலிருந்து நான்காவது பிள்ளை ஒன்று சில மாதங்கள் பகலில் இந்த விறாந்தைக்கு வந்தது. நடு வீட்டுத் தாயோடு படிப்பித்த முஸ்லிம் ஆசிரியை ஒருவரின் மகள். அந்தத் தாய் கேட்டுக்கொண்டது ஒன்றே: யாரும் பால் கொடுக்க வேண்டாம், போத்தல் பால் போதும். இஸ்லாமிய முறையில் இரண்டு வயதுக்குள் ஒரு பெண்ணிடம் பால் குடித்த பிள்ளை அவளுக்குப் பிள்ளையாகவும் அவள் பிள்ளைகளுக்கு உடன்பிறப்பாகவும் ஆகிவிடும். இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் அதற்கு ஐந்து முறை குடித்திருக்க வேண்டும். பின்னாளில் யாருக்கு யார் முறை என்ற குழப்பம் வரக்கூடாது என்பது அந்தத் தாயின் எண்ணம். பாலால் உறவு உண்டாகும் என்று நம்பியதில் இரண்டு வீடும் ஒன்றுதான். ஒரு வீடு அதை வரவேற்றது, மற்றது அதை எண்ணிப் பார்த்தது. 1985 ஏப்பிரலில் கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மோதல் வெடித்தபின் அந்தப் பிள்ளை வரவில்லை. அதன் சூப்பிப் போத்தல் நெடுநாள் அலுமாரியில் இருந்தது.

கூலி பங்கிடும் முறை மூத்த சகோதரியின் கொப்பியில் எழுதப்பட்டது. முதலில் பிள்ளைக் கணக்கு: எத்தனை பிள்ளையோ அத்தனை பங்கு. மூத்த வீட்டுப் பிள்ளை நடக்கத் தொடங்கியதும், ஏணையில் இல்லாத பிள்ளைக்கும் பங்கு உண்டா என்ற கேள்வி வந்தது. பாதைப் பெரியம்மா தன் வழக்கைத் தானே பேசினார்: "நடக்கிற பிள்ளைக்குத்தான் கா கண் கூட வேணும். கிணறு அங்கால கிடக்கு." கிணற்றுக்கு அப்போது கட்டு இல்லை. அடுத்த மாதம் கட்டு கட்டினார்கள், பங்கும் குறையவில்லை. பிறகு பிள்ளைக் கணக்கை விட்டு வீட்டுக் கணக்கு வந்தது: மூன்று வீடு, மூன்று சம பங்கு, சம்பள நாளில். சித்திரைக்கும் தீபாவளிக்கும் சேலை. நெல் கொடுக்கும் பேச்சு எழவில்லை. நெல்லும் தயிரும் அவர் பக்கத்து ஊரில் விளைபவை. எருமைத் தயிர் முட்டி ஒன்று மாதம் ஒருமுறை அவரோடுதான் பாதை ஏறி வரும்.

இப்படிப் பங்கிடுவது இங்கே மட்டும் அல்ல. பிரான்சில் இரண்டு குடும்பங்கள் ஒரு பிள்ளை பார்ப்பவரைப் பகிர்வது வழமையான ஏற்பாடு. அங்கே ஒவ்வொரு குடும்பமும் தனித்தனி ஒப்பந்தம் எழுதித் தனித்தனி எசமானராகிறது. விடுமுறையும் காப்புறுதியும் அதில் அடங்கும். இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி 1958இல் வந்தது. மூன்று சகோதரிகளுக்கும் அரச ஓய்வூதியம் உண்டு. வீட்டு வேலை செய்பவர் சேமலாப நிதிக்கு வெளியே நிற்கிறார். பெரியம்மா என்ற சொல் பிள்ளைகளுக்கு உண்மையாக இருந்தது. அதே சொல், மூன்று வீட்டுக்கு உழைக்கும் ஒரு தொழிலாளி அவர் என்பதை மறைக்கவும் செய்தது. உறவுக்காரரிடம் லீவு எத்தனை நாள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

அவர் லீவைத் தானே எடுத்துக்கொண்டார். வேளாண்மை வெட்டுக் காலத்தில், பெரும்போகத்துக்கு மாசி, பங்குனியில், இரண்டு மூன்று கிழமை வரமாட்டார். வெட்டுக் கூலி ஏணைக் கூலியைவிடக் கூட. அந்த நாட்களில் சகோதரிகள் முறை வைத்து லீவு எடுத்தார்கள். அப்போதுதான் மூன்று பிள்ளையை ஒரு பகல் முழுவதும் பார்ப்பது என்ன வேலை என்று அவர்களுக்கு மறுகா மறுகா விளங்கும். மார்கழி வெள்ளத்தில் முகத்துவாரம் வெட்டும் வரை வாவி கரை மீறும், பாதை ஓடாது. மாலைப் பாதை தவறினால் நடு வீட்டு விறாந்தையிலேயே பாய் போடுவார்.

அப்படியான இரவுகளில் அவருடைய பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்பதை வளவில் யாரும் கேட்டதாக நினைவில்லை. வேலைக்கு வந்த காலத்தில் அவருடைய இளைய மகளுக்கு இரண்டு வயது. அந்தப் பிள்ளையை அவருடைய தாய் பார்த்தார். தாய் வயலுக்குப் போகும் நாளில் ஒன்பது வயது மூத்த மகள் பள்ளிக்குப் போகாமல் பார்த்தாள். ஆரையம்பதியில் மூன்று பெண்கள் படிப்பிக்கப் போக, அக்கரையில் ஒரு சிறுமியின் படிப்பு நின்றது. இதை எழுதுபவர் அறிந்தது பல ஆண்டு கழித்து, அந்த அக்கா தானே சொன்னபோதுதான். குறையாகச் சொல்லவில்லை. நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் அட்டை என்ன நிறம் என்பதை மட்டும் சொன்னார்.

1987 ஜனவரி கடைசியில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இறால் பண்ணையில் படுகொலை நடந்தது. அந்தக் கிழமை பாதைப் பெரியம்மா வரவில்லை. வந்தபோது வெள்ளைச் சேலை உடுத்திருந்தார். இறந்தவர் உறவினர் என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. ஏணையில் அப்போது கிடந்தது இளைய வீட்டுப் பிள்ளை மட்டும். அன்று அவர் ஓராட்டுப் பாடாமல் கயிற்றை மட்டும் ஆட்டினார்.

1990 யூன் 11இல் போர் மீண்டும் தொடங்கியது. பாதை நின்றது. வளவில் இருந்தவர்கள் பிள்ளைகளோடு கோயிலிலும் பாடசாலையிலும் தங்கிவிட்டு வந்தார்கள். பிறகு படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வாவியைக் கடப்பது சோதனைச் சாவடிகளைக் கடப்பதாயிற்று. ஐந்து பிள்ளைகளுக்கும் ஏணை தேவைப்படாத வயது வந்துவிட்டது. பாதைப் பெரியம்மாவைப் பற்றி ஒன்றிரண்டு தரம் ஆள் மூலம் செய்தி வந்தது: உயிரோடு இருக்கிறார், ஒரு மகன் இல்லை.

2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் வந்தபோது மூன்றாவது வீடு இடிந்தது. கிழக்கில் அரசு முதலில் அறிவித்த கட்டடத் தடைவலயம் கரையிலிருந்து 200 மீற்றர். அதற்குள் இருந்த பல குடும்பங்களுக்கு உள்ளே வேறிடத்தில் வீடு கிடைத்தது. உதவி நிறுவனங்கள் வீட்டைக் குடும்பத் தலைவர் பெயரில் எழுத, தாய்வழி வந்த வீடு பல இடங்களில் கணவன் பெயருக்குப் போயிற்று. அக்கா, தங்கை ஒரே வேலிக்குள் இருந்தது குலைந்தது. வீடு தள்ளிப் போனால் ஏணையும் தள்ளிப் போகிறது. இளைய சகோதரியின் மகள் தன் பிள்ளையைப் பகல்நேரக் காப்பகத்தில் விட்டு வேலைக்குப் போகிறார்.

அக்கரையிலும் ஏற்பாடு வேறு உருவம் எடுத்திருக்கிறது. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை அம்மம்மாமார் பார்க்கிறார்கள். இரண்டு, மூன்று மகள்மாரின் பிள்ளைகள் ஒரே வீட்டில். 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் இந்த வேலைக்கு வெளிநாடு போவதைத் தடுத்தது. 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. தகப்பன் போவதற்கு இப்படி ஓர் அறிக்கை கேட்கப்படவில்லை. பணம் அனுப்பும் தாய் ஒருத்தி, வளர்க்கும் தாய் ஒருத்தி என்ற பங்கீட்டில், வளர்ப்பவளின் கூலி எந்தக் கொப்பியிலும் இல்லை.

மண்முனைப் பாலம் 2014 ஏப்பிரலில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே மூத்த சகோதரியும் ஐந்து பிள்ளைகளில் மூவரும் அக்கரைக்குப் போனார்கள். பாதையில் காத்திருந்து கடந்த நீரைச் சில நிமிடத்தில் கடந்துவிட்டார்கள். பாதைப் பெரியம்மாவுக்குக் கண் மங்கியிருந்தது. வந்தவர்களைக் குரலால் அல்ல, பின்தலையைத் தடவிப் பார்த்து யார் யார் என்று சொன்னார். இரண்டு பேரைச் சரியாகச் சொன்னார்.

மூத்த சகோதரி பழைய கொப்பியைக் கொண்டுபோயிருந்தார். கடைசிப் பக்கத்தில் '1990 யூன், 5 நாள், கொடுக்கவில்லை' என்று இருந்தது. இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு அதை எந்தக் கணக்கில் கொடுப்பது என்று பேச்சு வந்தது. அன்றைய ரூபாய்க்கு இன்று பெரிதாக எதுவும் வராது. பாதைப் பெரியம்மாவின் மூத்த மகள், படிப்பு நின்ற அந்த அக்கா, நெல்லாகப் பார்க்கச் சொன்னார்: அந்த ஐந்து நாள் கூலிக்கு அப்போது எத்தனை மரக்கால் நெல் வாங்கலாமோ, அத்தனை மரக்காலுக்கு இன்றைய விலை. விரல் மடக்கி அவரே கணக்குப் பார்த்தார். நடு வீட்டுத் தாய் அப்போது உயிருடன் இல்லை; அவருடைய பங்கை இதை எழுதுபவர் வைத்தார். மற்ற இரண்டு பங்கும் அதன் மேல் வைக்கப்பட்டன. மூத்த சகோதரி பேனை எடுத்து அந்த வரியை வெட்டினார்.